பாலம் கடந்தால் சார்

1

நிறுவன வாயிலில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து இந்தத் தையோடு மூன்று ஆண்டுகள் நிறைகின்றன. ஊரில் இருப்போர் இன்னமும் என்னை எஞ்சினியர் என்றே சொல்லி வருகிறார்கள். நான் திருத்துவதில்லை, திருத்தினாலும் அடுத்த திருமணத்துக்குள் மறந்துவிடுவார்கள்.

புனேயில் என் வேலை அளப்பது. இன்னும் சரியாகச் சொன்னால், அளக்கும் கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று அளப்பது. ஊர்திகளின் உறுப்புகளைச் சோதிக்கும் கூடமொன்றில் இருபது ஆண்டுகள் அதைச் செய்தேன். பின்னர் சோதனைகள் கணினிக்குள் குடிபோயின. இயந்திரங்கள் ஒவ்வொன்றாகத் தார்ப்பாய் சுற்றப்பட்டு லாரியேறின. வேறு நகரத்துக்குப் போகிறீர்களா, கணக்கை முடித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். முடித்துக்கொண்டேன். அன்று மாலை என்ன உணர்ந்தீர்கள் என்று பின்னாளில் சிலர் கேட்டதுண்டு. புனேயின் புறநகரான வாகட்டில் எங்கள் குடியிருப்பின் மின்தூக்கி பழுதாகியிருந்தது. ஒன்பது மாடி ஏறினேன். முழங்கால் வலித்தது. நினைவில் இருப்பது அவ்வளவே.

ஆசிரியனாக வேண்டும் என்று ஏன் முடிவு செய்தேன் என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. எனக்குத் தெரிந்த இயற்பியலை யாரேனும் காதுகொடுத்துக் கேட்பார்களா என்று பார்க்க விரும்பினேன் என்பது நேர்காணலில் நான் சொன்ன விடை. மெய்யும் அதற்கு அருகில்தான் எங்கோ இருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து என் அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார்.

“என்ன மாப்ளே, வாத்தியாராப் போறதுக்குப் புனா வரைக்கும் போவணுமாக்கும்? இங்கன பஸ் ஸ்டாண்டைச் சுத்தியே நாலு பள்ளிக்கூடம் கெடக்கு. ரயில் செலவாவது மிஞ்சியிருக்கும்லா!”

“மிஞ்சியிருக்கும் அத்தான்.”

“கோவிச்சுக்கிடாதீரும்.”

“அதெல்லாம் இல்ல.”

கோபம் வரவில்லை. அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கல்வியியல் பட்டத்துக்குச் சேர்ந்த கல்லூரியில் உடன் பயின்றோருக்கு என் மகளைவிட ஆறேழு வயதே மிகுதி. முதல் வாரம் என்னைப் பேராசிரியர் என்று எண்ணி எழுந்து நின்றார்கள். இரண்டாம் வாரம் ‘அங்கிள்’ என்றார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து தங்கள் விளக்கப் படங்களுக்கு நேர்கோடு போட்டுத் தரச் சொன்னார்கள். போட்டுத் தந்தேன்.

2

கடந்த ஆனியில் எனக்கு வேலை கொடுத்த பள்ளி கேம்ப் பகுதியில் இருக்கிறது. அதே பள்ளியில்தான் என் மகள் யாழினி பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்தாள். வாகட்டிலிருந்து வெகுதொலைவுதான், எனினும் முந்தைய ஆண்டு அவளாகவே தேர்ந்துகொண்ட பள்ளி. செய்தியைச் சொன்னபோது அவள் தட்டிலிருந்து தலையை உயர்த்தவில்லை.

“என் ஸ்கூலுக்கா? புனேல வேற ஸ்கூலே இல்லையா அப்பா?”

“பிசிக்ஸுக்கு அங்கதான் இடம் காலியா இருக்கு.”

“ஓகே. ஆனா ஸ்கூல்ல நான் உன்னை சார்னுதான் கூப்பிடுவேன். நீ, வான்னு எல்லாம் வராது. பக்கா.”

அத்தானும் இவளும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலே ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்.

யாழினியின் தமிழ் எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் மட்டும் புழங்குவது. பாதி வாக்கியத்தில் சொல் கிடைக்காவிட்டால் இந்தியில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மேலே போவாள். நான் திருத்தினால் வாக்கியத்தையே கைவிட்டுவிடுவாள்; ஆகவே திருத்துவதை நான் கைவிட்டேன். ஆனால் ‘நீ’யையும் ‘நீங்க’ளையும் அவள் ஒருபோதும் குழப்பியதில்லை.

அவள் வகுத்த எல்லை முளா ஆறு. வாகட்டிலிருந்து புறப்படும் பேருந்து ஔந்து பகுதியை அடையுமுன் அந்த ஆற்றுப் பாலத்தைக் கடக்கும். காலையில் பாலம் கடந்தால் நான் சார். மாலையில் பாலம் கடந்து இப்பக்கம் வந்தால் அப்பா. பேருந்து பாலத்தைவிட்டு இறங்கியதும் காதில் செருகியிருக்கும் ஒலிக்கருவியைக் கழற்றி, “அப்பா, பசிக்குது” என்பாள். அதுவரை அவள் என் பக்கத்து இருக்கையில் வேறொருவர் வீட்டுப் பிள்ளையைப் போல அமர்ந்திருப்பாள். ஆறு மாதத்தில் ஒருநாளும் அது பிசகியதில்லை.

பள்ளியில் எனக்கு வழங்கும் பெயரும் என்னுடையதன்று. விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் இருந்தது. நம்மிடம் அப்படியொன்று இல்லை என்று அலுவலரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், கேட்டுவிட்டு, கட்டத்தை வெற்றாக விட்டால் கணினி ஏற்காது என்றார். என் தந்தையின் பெயரை எழுதினேன். அன்றுமுதல் நான் சுப்பையா சார். அம்மாவோடு ஒருமுறை காணொளியில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பிள்ளைகள் “சுப்பையா சார், சுப்பையா சார்” என்று கூவினார்கள். தன் வாயால் அந்தப் பெயரை ஒருநாளும் உச்சரித்திராத அம்மா, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாளாம். அக்கா பிறகு சொன்னாள்.

3

செய்முறை வகுப்பில் விடை முன்னே வரும், அளவீடு பின்னே வரும். இது எந்தப் பள்ளியின் தனிக்குற்றமும் அன்று. எல்லாரும் அறிந்த வழக்கம். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “சார், ஆன்சர் என்ன வரணும்?” என்பது. விடையைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நடந்து, அளவீடுகளை அட்டவணையில் நிரப்புவார்கள். இயல்பாகத் தோன்றுவதற்காக இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு பிழையும் சேர்ப்பார்கள். அந்தப் பிழைகளில் அவர்கள் காட்டும் நுட்பத்தைக் கண்டு நான் வியந்திருக்கிறேன்.

உடன் பணியாற்றும் இயற்பியல் ஆசிரியை ஜோஷி மேடம் பல்லாண்டு அனுபவம் உடையவர். நல்லவர். இந்தியில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “சுப்பையா சார், இது உங்க ஃபேக்டரி இல்ல. பிள்ளைங்களுக்கு வேணுங்கறது மார்க்கு. லென்ஸ் தப்பா இருந்தா யாரும் ஆக்ஸிடென்ட்ல சாகப் போறதில்ல.”

வில்லைகளை அளந்து பார்க்காமல் இருக்க என்னால் இயலவில்லை. குவிவில்லைகளில் விளிம்பு உடைந்த ஒன்று, குவியத் தொலைவு பதினைந்து சென்டிமீட்டர் என்று ஒட்டுச்சீட்டு தாங்கியிருந்தது. எப்படி அளந்தாலும் அது பதினாறரைக்குச் சற்றுக் குறைவாகவே காட்டிற்று. எத்தனை ஆண்டுகள் எத்தனை பிள்ளைகள் அதன் முன் நின்று பதினைந்து என்று எழுதியிருப்பார்களோ.

ஐப்பசியில் ஒருநாள் அந்த வில்லையை வகுப்பிலிருந்த குழுக்கள் அனைத்துக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பதினைந்து வரும்வரை வில்லையின் இருபுறமும் நிறுத்திய ஊசிகளை நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள் என்றேன். ஒவ்வொரு குழுவாகப் பதினாறு புள்ளி நான்கு, பதினாறு புள்ளி ஐந்து என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன், “சார், லேபிள் பொய் சொல்லுது!” என்று இந்தியில் கத்தினான். வகுப்பு சிரித்தது. யாழினி கையை உயர்த்தினாள். “லேபிள்ங்கறது யாரோ சொன்னது. ரீடிங்ங்கறது நாம பாத்தது. அவ்வளவுதானே சார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவ்வளவுதான் என்றேன்.

அன்றைக்கு வீட்டில் அவள் தன் அம்மாவிடம் அறிவித்தாள்: “நான் காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கப்போறேன்.”

என் மனைவி கவிதா ஹிஞ்சவடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறாள். வீட்டின் முதன்மை வருமானம் அவளுடையது. “உங்கப்பாவப் பாத்ததுக்கு அப்புறமுமா?” என்று கேட்டாள். மூவரும் சிரித்தோம். பிசிக்ஸுக்குச் சேர யாழினி விரும்பிய கல்லூரியில் இடம் கிடைப்பது பொதுத்தேர்வு மதிப்பெண்ணைப் பொறுத்தது. செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணும் அதில் அடக்கம்.

புதிய வில்லை கேட்டு எழுதினேன். அடுத்த கல்வியாண்டில் வாங்கலாம் என்று ஒப்புதல் வந்தது. பழையதன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தேன். என் பழைய கூடத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டிய பொருளை நிறுவனத்தின் தலைவரே வந்தாலும் தொடமாட்டார். அந்தச் சீட்டுக்கு வேறு விளக்கம் எதுவும் எழுத வேண்டியதில்லை. இங்கும் எழுதவில்லை.

4

செய்முறைத் தேர்வை நடத்த வேறொரு பள்ளியிலிருந்து வெளித்தேர்வாளர் ஒருவர் வருவார்; பள்ளியின் சார்பில் உள்தேர்வாளர் ஒருவர் உடனிருப்பார். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. என் மகள் தேர்வெழுதுகிறாள், ஆகவே நான் விலகி நிற்க வேண்டும், தேர்வு தொடர்பாக யாரிடமும் பேசமாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். முதல்வர் இருமுறை படித்தார். இப்படியொரு தாளை இதற்குமுன் யாரும் தந்ததில்லை என்றார். உள்தேர்வாளராக ஜோஷி மேடத்தை அமர்த்திவிட்டு, “அப்போ விருந்தோம்பலை நீங்க பாத்துக்குங்க” என்றார்.

தேர்வு நாள் காலையில் பேருந்தில் யாழினி ஒலிக்கருவி அணியவில்லை.

“அந்த உடைஞ்ச லென்ஸ் வந்தா என்ன பண்றது?”

“வராது. அலமாரில சிவப்புச் சீட்டு ஒட்டி வச்சிருக்கேன்.”

“வந்தா?”

“பாத்ததை எழுது.”

“எக்ஸ்டர்னல்கிட்ட ஆன்சர் ஷீட் இருக்கும்ல? அதுல பதினஞ்சுன்னு இருக்கும்ல?”

“பாத்ததை எழுது.”

பேருந்து பாலத்தின் நடுவே ஊர்ந்துகொண்டிருந்தது. “இதை அப்பா சொல்றியா, சார் சொல்றாரா?” என்று கேட்டாள்.

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாலம் முடிந்திருந்தது. “பாலம் தாண்டிடுச்சே, சார்தான் சொல்றார்” என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஒலிக்கருவியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

5

என் பழைய கூடத்துக்குத் தணிக்கையாளர்கள் வருவதுண்டு. அவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் தவிர வேறெதுவும் தரலாகாது. தந்தால் அதுவே குறையாக எழுதப்படும். இருபது ஆண்டுகள் ஊறிய பழக்கம். எனவே வெளித்தேர்வாளர் வந்து இறங்கியதும் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தேன். முதிர்ந்த மனிதர், நகரத்தின் மறுகோடியிலிருந்து, விடியுமுன் புறப்பட்டு வந்திருந்தார். ஜோஷி மேடம் இவ்வூர் வழக்கப்படி அவர் உள்ளங்கையில் ஓர் எள்ளுருண்டையை வைத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று சங்கராந்தி வாழ்த்துச் சொன்னார். அவர் அதை வாயிலிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் இன்னொரு கோப்பைத் தேநீர் வேண்டுமா என்று கேட்டேன்.

சிறிது நேரத்துக்கெல்லாம் ஜோஷி மேடம் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தார்.

“சுப்பையா சார், டிஃபன் எங்க?”

“கொடுத்துட்டேனே. சாய், பிஸ்கட்.”

“சாய், பிஸ்கட்டா? அவர் என்ன ரெய்டுக்கா வந்திருக்கார்? எக்ஸ்டர்னல், சார்! எக்ஸ்டர்னலுக்கு வயிறார போடணும். பசியோட உக்காந்து மார்க் போட்டுட்டிருக்கார்!”

வெளித்தேர்வாளரை மாப்பிள்ளையைப் போல் உபசரிப்பது இங்கு எழுதாத விதி. எழுதாத விதிகளை நான் படித்திருக்கவில்லை. கேம்ப் கடைத்தெருவுக்கு ஓடினேன். பூரி, உருளைக்கிழங்கு, ஸ்ரீகண்ட் எனும் தயிர் இனிப்பு என்று ஜோஷி மேடம் சொன்னவை அனைத்தும் கிடைத்தன. ஸ்ரீகண்ட் குளிர்ந்திருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியிருந்ததால் மூன்றாவது கடைவரை போக நேர்ந்தது. நான் திரும்பி வந்தபோது முதற்குழு வெளியேறிக்கொண்டிருந்தது. யாழினியும் அதில் இருந்தாள். இரு கைகளிலும் பொட்டலங்களோடு நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் கடந்து போனாள்.

ஜோஷி மேடம் என்னைத் தாழ்வாரத்தின் மூலைக்கு அழைத்துச் சென்றார்.

“உங்க பொண்ணு பதினாறு புள்ளி நாலுன்னு எழுதிட்டா. அவர் கேட்டார், லேபிள்ல பதினஞ்சு இருக்கே, இது எப்படின்னு. லேபிள் தப்பு சார்ங்கறா! திரும்ப அளன்னார். அளந்தா. திரும்பவும் அதே. நான் அவர் முதுகுக்குப் பின்னால நின்னு பதினஞ்சு, பதினஞ்சுன்னு விரலைக் காட்டறேன். பாத்தா சார். நல்லாப் பாத்துட்டுத்தான் குனிஞ்சுட்டா.”

“அந்த வில்லை அலமாரியில இருந்ததே.”

“ஒண்ணு குறைஞ்சது. எடுத்தேன். ஏதோ சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது, அசிங்கமா. பிச்சுட்டுத் துடைச்சு வச்சேன். ஏன், என்ன அது?”

“ஒண்ணுமில்ல.”

அந்தச் சோதனைக்குரிய மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் போயிற்று என்றார். அடுத்த குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டதாகவும், அவர்கள் லேபிளைப் பார்த்துக்கொள்வார்கள் என்றும் ஆறுதல் கூறினார். பசிக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டு என நிறுவ என்னிடம் அளவீடு எதுவும் இல்லை.

வெளித்தேர்வாளருக்கு நான்தான் பரிமாறினேன். இரண்டாம் பூரியிலிருந்து அவர் முகம் தெளிந்தது. ஸ்ரீகண்ட் அருமை என்றார். பிறகு, “ஒரு பொண்ணு லேபிளே தப்புன்னு சாதிக்கிறா. பிடிவாதக்காரி. ஆனா பயப்படல. யார் அது, உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

மதிப்பெண் பட்டியல் அவர் கைக்கருகில் மேசைமேல் கிடந்தது. இன்னும் மேலே அனுப்பப்படவில்லை. வில்லை அறைக்குள் இருந்தது. அதை அவர் முன் வைத்து அளந்து காட்ட அதிக நேரம் ஆகாது. எனினும் பேசமாட்டேன் என்று நான் கையொப்பமிட்டிருந்தேன். அந்த இடத்தில் ஆசிரியன் வாய்திறந்தால் தந்தை வாய்திறந்ததாகும். இந்தத் தருக்கத்தில் இன்றுவரை நான் பிழை காணவில்லை.

“என் மாணவி” என்றேன். இன்னொரு பூரி வைத்தேன்.

மாலையில் மதிப்பெண்கள் கணினியில் ஏற்றப்பட்டன. ஏற்றியபின் திருத்த வழியில்லை.

6

திரும்பும் பேருந்தில் யாழினி என் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். பாலம் வந்தது. பேருந்து ஏறி இறங்கியது. அவள் ஒலிக்கருவியைக் கழற்றினாள். பசிக்கிறது என்பாள் என்று எதிர்பார்த்தேன். பையில் ஒரு பூரிப் பொட்டலம் மிச்சம் வைத்திருந்தேன்.

“சார்கிட்ட சொல்லிடு. பாத்ததைத்தான் எழுதினேன்னு.”

“சொல்லிடறேன். அப்பாகிட்ட?” என்று கேட்டேன்.

அவள் முன்னிருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா அங்க எங்க இருந்தார்?” என்றாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. உண்மையிலேயே விடை வேண்டிக் கேட்பவள் போலக் கேட்டாள். பிறகு ஒலிக்கருவியை மீண்டும் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள்முதல் வீட்டிலும் நான் சார். “சார், சாப்பிட வாங்க.” “சார், உங்க போன் அடிக்குது.” கவிதா முதலில் சிரித்தாள். “இதென்னடி புதுப் பழக்கம்? என்னையும் மேடம்னு கூப்பிடுவியா?” என்றாள். நான்காம் நாள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். கையொப்பத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். பிசிக்ஸ் என்ன ஆயிற்று என்று அவள் மகளிடம் கேட்டது அறைக்குள்ளிருந்து என் காதில் விழுந்தது. “பாக்கலாம்மா” என்பது விடை.

வில்லையின்மேல் புதிய சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். இம்முறை, பயன்படுத்தாதீர் என்று மூன்று மொழிகளில் அதன்மேல் எழுதியிருக்கிறேன். ஜோஷி மேடம் பார்த்துவிட்டு, நல்ல கையெழுத்து என்றார்.

நேற்று அத்தான் அழைத்தார். “என்ன வாத்தியாரே, கம்பெனிய விட்டு மூணு வருசமாச்சாமே! வேலையெல்லாம் புடிச்சிருக்கா?” பிடித்திருக்கிறது என்றேன். அதில் பொய் இல்லை. காலையில் மணி அடிக்கிறது, போகிறேன். பிள்ளைகள் என் தந்தையின் பெயரைக் கூவுகிறார்கள், திரும்பிப் பார்க்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு நாளையோடு பள்ளி முடிகிறது. அதன்பின் பேருந்தில் நான் தனியாகப் போய்வர வேண்டியிருக்கும். இன்று மாலை திரும்பும்போது யாழினி களைத்திருந்தாள். ஔந்து வருமுன்பே உறங்கிவிட்டாள். தலை மெல்லச் சரிந்து என் தோளில் தங்கியது. பாலம் வந்தது, போயிற்று. நாங்கள் இறங்கவேண்டிய நிறுத்தத்தில் பேருந்து நின்றது. கூட்டம் இறங்கிற்று. நடத்துநர் எங்களை அறிவார்; திரும்பி என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. அவர் மணியடித்தார். உறக்கத்தில் அவள் என்னை எந்தப் பெயராலும் அழைக்கவில்லை.

மூன்று நிறுத்தங்கள் கடந்தபின் பள்ளமொன்றில் பேருந்து குலுங்க, அவள் கண்விழித்தாள். வெளியே பார்த்தாள். தோளிலிருந்து தலையை எடுத்து, பையை மடியில் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

“என்ன சார், ஸ்டாப்பை விட்டுட்டீங்களா?”

“ஆமா” என்றேன். “விட்டுட்டேன்.”

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தோம்.